இருநாழி நெல்லும் இளைஞர் பட்டினியும்

பகலெல்லாம் தறியில் அமர்ந்துவிட்டு இந்த முன்னிரவில் ஏகாம்பரநாதர் சந்நிதியைத் தேடி வந்திருக்கும் காஞ்சி மாநகரப் பெருமக்களே!

பங்குனி உத்திரப் பெருவிழாவில் பேச வருவோர் அம்பிகையின் திருக்கல்யாணச் சிறப்பை எடுத்துரைப்பது மரபு. அடியேனும் அம்மரபை விட்டு விலக எண்ணவில்லை. ஆயினும் அத்திருக்கல்யாணத்துக்கு முன்னே ஒரு தவம் நிகழ்ந்தது. பின்னே ஓர் அடுப்பு எரிந்தது. தவத்தைப் பாடுவோர் பலர்; அடுப்பை நினைப்போர் சிலர். இன்று அடுப்பைப் பற்றியே சற்று மிகுதியாகப் பேச விரும்புகிறேன். காரணம் பின்னர் விளங்கும்.

கயிலையில் அம்மை விளையாட்டாக ஐயனின் திருக்கண்களைப் பொத்தினாள். அவளுக்கு அது ஒரு கணம்; உலகுக்கோ ஊழிக்காலம். எங்கும் இருள் சூழ்ந்தது. அதற்குக் கழுவாயாக அவள் நிலவுலகுக்கு எழுந்தருளி, இக்காஞ்சியில் கம்பை நதிக்கரையில், மாமர நிழலில் மணலால் இலிங்கம் அமைத்துத் தவம் புரிந்தாள். கம்பையாறு பெருகி வந்தது. தன்னைக் காத்துக்கொள்ள எண்ணாமல் இலிங்கத்தையே தழுவிக்கொண்டாள். இறைவன் குழைந்தான், தழுவக் குழைந்த நாதன் ஆனான். இவ்வூரில் பிறந்த குழந்தைக்கும் இவ்வரலாறு தெரியும்.

அதன்பின் நடந்ததை நிதானமாகப் பாருங்கள். தவத்தின் பயனாக ஐயன் அம்மைக்கு என்ன அளித்தான்? இன்னும் சில காலம் பட்டினி கிட என்று சொன்னானா? இல்லை. இருநாழி நெல் அளந்து கொடுத்தான். எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி. இருநாழி என்றால் கால் குறுணி. ஒரு வீட்டின் ஒரு நாள் பாட்டுக்குக் காணும் நெல். அதைக்கொண்டு அன்னை காமாட்சி எண்ணான்கு அறங்களையும் இந்நகரில் வளர்த்தாள். அவ்வறங்களின் வரிசையை எடுத்துப் பாருங்கள். ஓதுவார்க்கு உணவு, அறுசமயத்தார்க்கு உண்டி, சிறையில் கிடப்போர்க்குச் சோறு, மகவுக்குப் பால், பசுவுக்கு வாயுறை. தின்பண்டம் நல்கல் என்று ஒன்றுகூட உண்டு! அதிரசத்துக்கும் முறுக்குக்கும் அறத்தின் வரிசையில் இடங்கொடுத்த சமயம் நம்முடையது. மணிமேகலை பௌத்த காவியமாயினும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது; மழை பொய்த்துக் காஞ்சி வாடியபோது அமுதசுரபியை ஏந்தி அவள் வந்ததும் இவ்வூருக்கே அன்றோ!

இத்தகைய ஊரில், வீட்டில் அரிசி இருந்தும் உண்ணாமல், பிள்ளைகள் பசியால் மயங்கி விழுகிறார்கள் என்றால் அதைப் பேசாமல் எப்படி இருப்பது?

நெசவுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் அடியேனிடம் திருமுறைப் பாடம் கேட்க வருகிறான். நல்ல குரல்வளம். மார்கழியில் ஒரு நாள் பதிகத்தின் நடுவே மூச்சு வாங்கி நின்றுவிட்டான். முகம் வெளிறியிருந்தது, கை சில்லிட்டிருந்தது. "காலையில் என்ன சாப்பிட்டாய் தம்பி?" என்றேன். சர்க்கரை போடாத காப்பி என்றான். முதல்நாள் என்ன என்று கேட்டால், வெள்ளரித் துண்டுகள், தண்ணீரில் கரைத்த புரதப்பொடி, முட்டையின் வெண்கரு இரண்டு. (சைவ மேடையில் இதைச் சொல்ல நாக் கூசுகிறது, ஆயினும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.) நாளொன்றுக்கு 800 கலோரிக்கு மேல் போகாதபடி கைப்பேசியில் கணக்கு வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு மாலைதோறும் ஒன்றரை மணி நேரம் உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பு தூக்கினான். வயிற்றில் தசை கட்டுக்கட்டாகத் தெரிய வேண்டுமாம். கண்டித்தேன். அப்போது ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, சிவராத்திரிக்குப் பட்டினி இருந்தால் விரதம் என்கிறீர்கள். சஷ்டிக்கு ஆறு நாள் இருந்தால் புண்ணியம் என்கிறீர்கள். நான் நாலு மாதமாக இருக்கிறேன். இது மட்டும் எப்படித் தவறாகும்?"

குறும்புக்காகக் கேட்டதன்று, உண்மையாகவே கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இன்று உங்கள் அனைவர்க்கும் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உடற்பயிற்சியை அடியேன் இகழவில்லை. இந்நகரிலிருந்து ஆண்ட நரசிம்மவர்மப் பல்லவனுக்கு மாமல்லன் என்றே பெயர். மற்போரில் பெரியவன் என்பது பொருள். அவன் படையை நடத்தி 642ஆம் ஆண்டு வாதாபியை வென்றவர் பரஞ்சோதியார். அவரே பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார் ஆனார். களிறு ஊர்ந்து போர் செய்த அத்தோள்களுக்குரியவர் திருச்செங்காட்டங்குடியில் என்ன நியமம் பூண்டார்? அடியார்க்கு அமுது படைத்து, அதன்பின் தாம் உண்பது. வலிமையும் சோறும் அவரிடம் பகையாக இருக்கவில்லை. அடியேன் இளமையில் கண்ட தேகப்பயிற்சிக்காரர்களும் அப்படியே. கர்லாக்கட்டை சுழற்றிவிட்டு வந்தால் ஊறிய கொண்டைக்கடலையும் பாலும் காத்திருக்கும். மிகை எடையும் இன்று பெரும்பிணி என்பதை மறுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. ஆகவே உடல் வருந்தி உழைக்கட்டும். வேண்டுவோர் எடையும் குறைக்கட்டும். என் வழக்கு வேறு. உழைப்பை ஏற்றிக்கொண்டே உணவை இறக்குவதுதான் என் வழக்கு.

இனி விரதத்துக்கு வருவோம். விரதத்துக்கு நாள் உண்டு. அந்த நாளுக்கு முடிவு உண்டு. சிவராத்திரி ஓர் இரவு, விடிந்தால் பாரணை. குமரகோட்டத்தில் கந்தசஷ்டி நோற்போர்க்கு ஆறு நாள். ஏழாம் நாள் பாரணை. பாரணை செய்யாதவன் விரதத்தை நிறைவு செய்தவன் ஆகான். உண்பதும் விரதத்தின் ஓர் உறுப்பு என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். மேலும், நோன்பு நாளில் நம் முன்னோர் கடும் வேலை செய்யவில்லை. பூசை, செபம், புராணம் கேட்டல் என்று அமர்ந்திருந்தனர். குழந்தைகள், முதியோர், நோயாளர், கருவுற்ற மகளிர் ஆகியோரை விலக்கி வைத்தனர். முழுப் பட்டினி இயலாதார்க்குப் பாலும் பழமும், அதுவும் இயலாதார்க்கு ஒருபொழுதும் என்று படிப்படியாக இறக்கி அமைத்தனர். அந்தப் பிள்ளையின் பட்டினிக்கு நாள் இல்லை, முடிவு இல்லை, ஓய்வு இல்லை, பாரணை இல்லை. கண்ணாடி போதும் என்று சொல்லும்வரை அது நீளும். கண்ணாடியோ போதும் என்று சொல்வதே இல்லை.

உடல் நூலார் கூறும் கணக்கையும் பார்ப்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பது பலர் அறியாத செய்தி. அந்நிறுவனம் 2020இல் வகுத்த அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்த வேலை செய்தாலே நாளொன்றுக்கு 2,110 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்புக்கு 2,710. கடும் உழைப்புக்கு 3,470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலைக்கு 1,660, நடுத்தர உழைப்புக்கு 2,130. இந்த எண்களுக்கு அருகே அந்த 800ஐ வைத்துப் பாருங்கள். சும்மா இருப்பவனுக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை.

மீதிக்கு உடல் எங்கே போகும்? முதலில் ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவிடும். அச்சர்க்கரையோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறும். முதல் வாரத்தில் எடைப்பொறி மளமளவென்று இறங்கக் காரணம் பெரும்பாலும் இந்த நீரே. பிள்ளைகள் கொழுப்புக் கரைந்ததாக எண்ணி மகிழ்கிறார்கள்! பிறகு கொழுப்பு எரியும். அதோடு தசையும் எரியும். தசை வேண்டும் என்று இரும்பு தூக்குகிறவன் அத்தசையையே விறகாக்குகிறான். அதற்கும் பின், வருவாய் குறைந்த குடும்பத்தலைவி செலவைச் சுருக்குவதுபோல் உடல் ஒவ்வொன்றாகச் சுருக்கத் தொடங்கும். உடற்சூடு குறையும், நாடி மெலியும், தலைமயிர் உதிரும், உறக்கம் கெடும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு வலுவிழக்கும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால் அது பயிற்சியின் இயல்பு என்று விட்டுவிடலாகாது. உணவு போதவில்லை என்று உடல் எழுதிய ஓலை அது. 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இக்குறைபாட்டுக்குத் தனிப் பெயரே வைத்து, ஆண் பெண் இருபாலாரையும் இது தாக்கும் என்று எச்சரித்தது. இவை எல்லாவற்றிலும் கொடியது, இரத்தத்திலுள்ள உப்புகள் நிலைகுலைவது. பொட்டாசியம் சரிந்தால் இதயத்தின் துடிப்பு தாளம் தப்பும். அது முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

இதை மனிதரிடமே சோதித்துப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944, 1945 ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் நடத்தியது. போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள், பஞ்சத்தில் வாடுவோர்க்கு உதவும் என்று தாமாகவே முன்வந்தனர். அனைவரும் நல்ல உடல்நலம் உடையோர். 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவு. வாரத்துக்கு 22 மைல் நடை. அவ்வளவுதான். விளைவு என்ன? எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போயிற்று. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40க்கும் கீழே இறங்கிற்று. கோடையிலும் குளிர்ந்தது, கால்கள் வீங்கின. உடலைவிட மனம் பட்ட பாடு பெரிது. சிரிப்பு மறைந்தது, நண்பரோடு பேச்சு நின்றது. சமையல் நூல்களை வாங்கிவைத்துப் பாராயணம் செய்தனர்! உயர்ந்த கொள்கைக்காக வந்தவர்களின் நெஞ்சில் கொள்கை ஒதுங்கிச் சோறு வந்து அமர்ந்துகொண்டது. உணவு மீண்டும் கிடைத்தபோதோ, எவ்வளவு தின்றும் அடங்காத பசி திங்கள் கணக்கில் தொடர்ந்தது. தசை திரும்புமுன் கொழுப்பு திரும்பிப் பழைய அளவையும் தாண்டியது.

நாள் ஒன்றுக்கு மூன்று மைல் நடந்த அவர்களுக்கே அந்நிலை. நம் பிள்ளைகள் அவர்கள் உண்டதில் பாதியை உண்டு இரும்பையும் தூக்குகிறார்கள்.

பயிற்சியாளரும் மருத்துவரும் உடனிருந்தால் அபாயம் இல்லை என்பார் உண்டு. 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் நம் நாட்டு மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோப் பிரிவில் ஒரே நாளில் மூவரை வென்று இறுதிப்போட்டிக்கு வந்தார். மறுநாள் காலை எடைக்காக அன்றிரவு முழுதும் உண்ணாமல், உறங்காமல், வியர்வை சொட்டப் பயிற்சி செய்தார், கூந்தலைக்கூடக் குறைத்தார். விடிந்தபோது 100 கிராம் மிகுதி. தகுதி போயிற்று, அவர் நீர்ச்சத்து வற்றி மருத்துவமனையில் கிடந்தார். சூழ இருந்தோரெல்லாம் தேர்ந்த வல்லுநர். 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். அதன்பிறகே அங்கே விதிகளைத் திருத்தினர். அவ்வளவு தூரம் போவானேன்? 2025ஆம் ஆண்டு நம் குமரி மாவட்டத்தில் கல்லூரி செல்லும் வயதுடைய ஒருவன், காணொளியைப் பார்த்துத் திங்கள் கணக்கில் பழச்சாறு மட்டுமே அருந்தி உயிர் துறந்ததாக நாளிதழ்கள் எழுதின. அதே ஆண்டு கேரளத்தில் ஓர் இளம்பெண் இளைக்க வேண்டும் என்றே உணவை விலக்கி மாண்டாள். பெற்றவர்கள் சோறு ஆக்கி வைத்துக் காத்திருந்த வீடுகள் அவை.

"காரைக்கால் அம்மையார் தசையை உதிர்த்துவிட்டாரே" என்று புராணம் கற்ற ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கணவன் பரமதத்தன் தம்மைத் தெய்வமென்று வணங்கி விலகியபின், அவன் பொருட்டுச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அம்மையார் அதைக் கழித்தருளுமாறு இறைவனை வேண்டினார். பிறர் கண்ணுக்கு இனிதாவதை விடுவதற்காக அவர் இளைத்தார். இவர்கள் பிறர் கண்ணுக்கு இனிதாவதற்காக இளைக்கிறார்கள். ஊர் ஒன்றானாலும் ஒருவர் போவது கிழக்கே, மற்றவர் போவது மேற்கே.

சாக்கிய நாயனாரையும் சிலர் எடுத்துக்காட்டுவர். இக்காஞ்சியில் பௌத்தக் கோலத்தோடே வாழ்ந்து, நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை அன்போடு எறிந்தபின்பே உண்பது என்ற நியமம் கொண்டவர் அவர். ஒருநாள் மறந்து உண்ண அமர்ந்துவிட்டார். நினைவு வந்ததும் எழுந்து ஓடினார். அவர் உணவை விட்டவர் அல்லர். உணவுக்கு முன் இறைவனை வைத்தவர். இலையில் சோறு நாள்தோறும் விழுந்தது என்பதைக் கவனிக்க.

நம் சித்தாந்தம் உடலைப் பற்றிக் கூறுவது யாது? தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உயிரின் மலம் நீங்கும்பொருட்டு இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தந்தவை. தனு என்பது உடல். அது நமக்கு உரிமைச் சொத்து அன்று; இரவல். திருமூலரும் உடலை முதலில் குறையாக எண்ணி, உள்ளே இறைவன் எழுந்தருளியிருப்பதை உணர்ந்தபின் அதைப் பேணலானார். நெசவாளர் வீட்டில் முதலாளி தந்த பட்டும் சரிகையும் இருக்கும். எடைபோட்டுத் தந்ததை எடைபோட்டுத் திருப்ப வேண்டும். தன் அழகுக்காக அதிலிருந்து இழை உருவுகிற நெசவாளன் உண்டா? உடலை வாட்டி அதைப் படம் பிடித்துப் பிறர் புகழ்ச்சியை எண்ணிக் கொண்டிருக்கும்போது, உடல் இளைக்கிறது, ஆணவம் கொழுக்கிறது. மூன்று மலங்களில் எதைக் குறைக்க வந்தோமோ அதற்கே சோறு போடுகிறோம்.

பசித்த அடியானிடம் இறைவன் எப்படி நடந்துகொண்டான் என்பதற்குச் சான்று இந்தத் தொண்டைநாட்டிலேயே உண்டு. செங்கற்பட்டுக்கு அருகே திருக்கச்சூர். ஒரு நண்பகலில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அங்கே கோயிலை வணங்கிவிட்டு வெளியே வந்து அமர்ந்தார். உணவு கொண்டுவருவோர் இன்னும் வந்து சேரவில்லை. பசி. அப்போது ஒரு முதிய அந்தணர் வந்தார். "மிகவும் பசித்திருக்கிறீர், சற்றே இரும், நான் சோறு இரந்து வருகிறேன்" என்று கையில் ஓடேந்திப் புறப்பட்டார். உச்சி வெயில், வெறுங்கால். வீடு வீடாகச் சென்று இரந்து, சோறும் கறியும் கொணர்ந்து படைத்தார். சுவாமிகளும் உடன் வந்த அடியார்களும் உண்டனர். உண்டு முடித்தபின் பார்த்தால் அந்தணரைக் காணவில்லை. இரந்தவன் யார் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அன்பர்களே, எல்லா உலகுக்கும் படியளப்பவன் ஒருவனுடைய பசிக்காகத் தெருவில் இறங்கிப் பிச்சை எடுத்தான். பசித்திரு, புண்ணியம் என்று உபதேசித்துவிட்டுப் போகவில்லை. நம் வீட்டுப் பிள்ளை மேல்மாடியில் பசியோடு கிடக்கும்போது, அவன் கட்டுப்பாடுள்ளவன் என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுகிறோமே, இது என்ன நியாயம்?

உண்மையாகவே எடை குறைக்க வேண்டியவர்க்கு மருத்துவர் கூறும் வழி எளியது. வழக்கமான உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக்கிலோ அளவில் இறங்கும். பருப்பும் பயறும் மோரும் கீரையும் இலையில் இருக்கட்டும். எண்ணெய்ப் பலகாரமும் சர்க்கரையும் விலகட்டும். 800 கலோரிக்கு இறங்கும் முறை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் நோயாளிக்கு உரியது. கைப்பேசியைப் பார்த்துச் செய்வதற்கு உரியது அன்று. பயிற்சிக்கூடம் நடத்தும் அன்பர்களும் இங்கே இருக்கலாம். வருகிற பிள்ளையிடம் எத்தனை கிலோ தூக்கினாய் என்று கேட்குமுன் காலையில் என்ன உண்டாய் என்று கேளுங்கள். தலைசுற்றல், படபடப்பு, மயக்கம் என்று ஒருவன் சொன்னால் இரும்பைக் கீழே வைக்கச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இன்னொன்று. நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளையை இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு இன்றே இலைநிறைய விருந்துக்கு உட்கார வைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட் சத்து திடீரெனச் சரிந்து இதயம் தடுமாறும். உலகப் போரின் முடிவில், பட்டினி கிடந்து மீட்கப்பட்டோரிடம் மருத்துவர் இதைக் கண்டனர். மருத்துவரைக் கேட்டுச் சிறுகச் சிறுகத் தொடங்க வேண்டும். நம் பாட்டிமார் பாரணையில் எளிய உணவை முதலில் வைத்தது எவ்வளவு நுட்பம்! கஞ்சியின் அருமையைக் காஞ்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? விடியலில் தெருவில் பாவை நீட்டி அரிசிக்கஞ்சி ஏற்றிக் காயவைக்கிறீர்கள். கஞ்சி ஏறாத பாவு தறியின் இழுப்பைத் தாங்காது. இழை இழையாக அறும். பட்டு நூலுக்குக் கஞ்சி வார்க்கத் தெரிந்த கைகளுக்கு, பெற்ற பிள்ளைக்கு வார்க்கத் தெரியாமற் போகாது.

பாடம் கேட்க வரும் அந்தப் பிள்ளை இப்போது மருத்துவரிடம் காட்டிக்கொண்டு, காலையில் இரண்டு இட்டலி சாப்பிடுகிறான். பயிற்சியையும் விடவில்லை, வாரத்தில் நான்கு நாள் போகிறான். பதிகம் நடுவில் நிற்பதில்லை. நாளைச் சுவாமி புறப்பாட்டில் தண்டு தாங்க வருவதாகச் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் தோள் கொடுக்க இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது; பயிற்சிக்கூடத்து இளைஞர்கள் வரலாம். இப்போது தீபாராதனைக்கு மணி அடிக்கப் போகிறார்கள். அதன்பின் மண்டபத்தில் புளியோதரையும் சுண்டலும் வழங்குவார்கள். இளைஞர்கள் வரிசையில் முன்னால் நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.